டிஎச்எஃப்பில் ஆறு வருடம்: கண்ணாடிக் கடத்துத்திறன் கலம் பற்றி

கரைசல் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று அளக்கும் கலங்களில் நான் முதலில் வாங்கியதன் உடல் எபாக்ஸி. விலைப்பட்டியலில் கரிமக் கரைப்பான்களுக்கும் ஏற்றது என்று போட்டிருந்தார்கள், நம்பி வாங்கினேன். டெட்ராஹைட்ரோஃப்யூரானில், அதாவது டிஎச்எஃப்பில், மூன்றாவது வாரமே அளவீடு மெல்ல மெல்ல நகர ஆரம்பித்தது. எடுத்துத் துடைத்தபோது மின்வாயைச் சுற்றியிருந்த பகுதி நகம் பட்டாலே பள்ளம் விழும் அளவுக்கு இளகியிருந்தது. உடல் வீங்கினால் மின்வாய்களின் இடைவெளி மாறும், அதோடு கலமாறிலியும், அதாவது அந்த இடைவெளியையும் மின்வாய்ப் பரப்பையும் பொறுத்த எண்ணும், போச்சு. அந்த மூன்று வார அளவீடுகளையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று.

அப்புறம் வாங்கியதுதான் இந்தக் கண்ணாடிக் கலம். மினுமினுப்பான பிளாட்டினத் தகடுகள், கலமாறிலி 0.1. பிளாட்டினக் கருப்பு (நுண்துளைகள் நிறைந்த பிளாட்டினத் தூள்) பூசியதை வேண்டுமென்றே தவிர்த்தேன். அந்தப் பூச்சு நீர்த்த கரைசலிலிருந்து உப்பை உறிஞ்சிக்கொண்டு அடுத்த கரைசலில் விட்டுவிடும். கலமாறிலி 0.1 ஏன் என்றால், ஒரு செ.மீ.க்கு 1 மைக்ரோசீமன்ஸ் கடத்தும் கரைசலுக்கு இதில் மின்தடை 100 கிலோஓம்தான். வழக்கமான 1.0 கலத்தில் அதுவே 1 மெகாஓம் ஆகி, கேபிளின் சின்னக் கசிவுகூடப் பெரிதாகத் தெரியும்.

மீட்டரில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: தானியங்கி வெப்பநிலைத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். என் மீட்டரில் அது தண்ணீர்க் கரைசல்களுக்காக டிகிரிக்கு 2 சதவீதம் என்று வைக்கப்பட்டிருந்தது. 25 டிகிரிதான் அதற்கு அடிப்படை என்பதால், 15 டிகிரியில் உள்ள கரைசலின் அளவை அது 0.8ஆல் வகுத்து, கால் பங்கு கூட்டிக் காட்டும். டிஎச்எஃப்பில் குளிர்விக்கும்போது மின்காப்பு மாறிலி, அதாவது அயனிகளின் ஈர்ப்பைக் கரைப்பான் தணிக்கும் அளவு, ஏறும், ஒட்டிக்கொண்டிருக்கும் எதிரெதிர் அயனிகளான அயனி இணைகள் கூடுதலாகப் பிரியும், பாகுத்தன்மை மட்டும் எதிர்த்திசையில் இழுக்கும். இந்த இழுபறியைப் பார்ப்பதற்காகத்தான் அளக்கிறோம். மீட்டர் நடுவில் புகுந்து கூட்டினால் எது இயற்கை, எது திருத்தம் என்றே தெரியாது. எனக்கு இது தெரிய நான்கு மாதம் ஆனது. நல்லவேளை, வெப்பநிலைகளை நோட்டில் எழுதியிருந்ததால் பழைய எண்களைத் திருப்பிக் கணக்கிட முடிந்தது.

ஈரப்பதம் இன்னொரு தொல்லை. மழைக்காலத்தில் குளிர்தொட்டியிலிருந்து கலத்தை எடுத்த கையோடு மூடியின் விளிம்பில் பனித்துளி கோத்துக்கொள்ளும். அதில் ஒரு துளி உள்ளே போனாலும், குறிப்பாக லித்தியம் உப்புகளில், அன்றைய வேலை வீண். 3 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூறு சல்லடையில் வைத்து உலர்த்திய கரைப்பான், ஒவ்வொரு முறையும் எஞ்சிய தண்ணீரை அளக்கும் கார்ல் ஃபிஷர் சோதனை, உலர்ந்த நைட்ரஜன் ஓட்டம். இந்த மூன்றில் எதையும் விட முடியாது.

இத்தனை பாடும் எதற்கு என்றால், அந்த வளைகோட்டுக்காக. டெட்ராபியூட்டைல் அம்மோனியம் உப்பை டிஎச்எஃப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் மோலார் கடத்துத்திறன், அதாவது ஒரு மோல் உப்புக்குக் கிடைக்கும் கடத்துத்திறன், இறங்கும். டிஎச்எஃப்பின் மின்காப்பு மாறிலி 7.5தான், தண்ணீருக்கு 78. எதிரெதிர் அயனிகளின் ஈர்ப்பு வெப்ப ஆற்றலுக்குச் சமமாகும் தூரம் தண்ணீரில் சுமார் 0.7 நானோமீட்டர், இங்கே 7ஐத் தாண்டுகிறது. அதனால் அயனிகள் இணை சேர்ந்து மின்சுமை இல்லாதவை போல ஆகிவிடுகின்றன. அதுவரை சரி. ஆனால் செறிவு இன்னும் கூடியதும் கோடு ஓர் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டுத் திரும்ப ஏறுகிறது. முதல் முறை பார்த்தபோது கலம் அழுக்காகிவிட்டது என்று நினைத்துக் கடைசி ஐந்து புள்ளிகளை அடித்துவிட்டேன். கழுவி, உலர்த்தி, புதுக் கரைசல் தயாரித்து அளந்தேன். அதே ஏற்றம்.

1933இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஃபுவாஸ், கிராஸ் என்ற வேதியியலாளர்கள் டெட்ராஐசோஅமைல் அம்மோனியம் நைட்ரேட்டை டையாக்சேன்–தண்ணீர்க் கலவைகளில் கரைத்து, மின்காப்பு மாறிலியை 2.2 முதல் 78 வரை மாற்றி அளந்தவர்கள். இந்த ஏற்றத்துக்கு அவர்கள் தந்த விளக்கம் மும்மை அயனிகள்: ஓர் இணையோடு இன்னோர் அயனி ஒட்டிக்கொண்டு மறுபடியும் மின்சுமை பெறுகிறது. வேறொரு விளக்கமும் உண்டு. அயனி இணை என்பது ஒரு முனையில் நேர், மறுமுனையில் எதிர் மின்சுமை கொண்ட பெரிய இருமுனை. தண்ணீரில் உப்பு போட்டால் மின்காப்பு மாறிலி குறையும், டிஎச்எஃப் போன்ற கரைப்பானில் இணைகள் சேரச்சேர அது கூடும். கூடினால் இணைகள் மறுபடி பிரியத் தொடங்கும். செறிந்த கரைசல்களில் இந்த இரண்டாவது விளக்கத்தைச் சேர்க்காமல் என் அளவீடுகளை விளங்கிக்கொள்ள முடியவில்லை. மும்மை அயனி மட்டும் போதும் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் மின்காப்பு மாறிலியை இதே கலத்தில் அளக்கலாம் என்று இறங்காதீர்கள். குறைந்த அதிர்வெண்ணில் மின்வாய்ப் பரப்பில் சேரும் மின்சுமை எல்லாவற்றையும் மறைத்துவிடும். அதற்கு மைக்ரோவேவ் வரை போகும் கருவி வேண்டும், நான் இன்னொரு ஆய்வகத்தில் நேரம் கேட்டு வாங்கித்தான் அளந்தேன். தூய டையாக்சேன், டொலுவீன் பக்கம் போனாலும் இந்தக் கலம் போதாது, இடைவெளி இன்னும் குறுகிய தகடுகள் தேவை. டையாக்சேன் 12 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதையும் தொட்டியின் வெப்பநிலையை வைக்கும்முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடை 25 டிகிரியில் வைத்துச் சரிபார்க்கிறேன், ஒரு செ.மீ.க்கு 1413 மைக்ரோசீமன்ஸ் வரவேண்டும். ஆறு வருடத்தில் கலமாறிலி மூன்றாவது தசமத்தில்தான் நகர்ந்திருக்கிறது. சரிபார்த்த பிறகு கலத்தை நன்றாக உலர்த்தாமல் டிஎச்எஃப் பக்கம் கொண்டுபோவதில்லை.