டேக் ஃபில்டர்: ஷார்ப், ஸ்லோ, மினிமம் ஃபேஸ், என்ஓஎஸ் — எது எதற்கு?

இப்போது வரும் பல டேக்குகளின் (DAC, டிஜிட்டல் பாட்டை அனலாக் ஒலியாக மாற்றும் கருவி) மெனுவில் நாலைந்து ஃபில்டர் பெயர்கள் இருக்கின்றன. சிடி தரத்தில் பாட்டு கேட்பவர் என்றால், லீனியர் ஃபேஸ் (எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவு தாமதிப்பது) ஷார்ப் ரோல்-ஆஃபை (எல்லையில் சட்டென வெட்டுவது) வைத்துவிடுங்கள் என்பதுதான் என் பரிந்துரை.

சிடியில் நொடிக்கு 44,100 மாதிரிகள். அவற்றை அப்படியே மின்னழுத்தமாக மாற்றினால் 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே, பதிவில் இல்லாத பிம்பங்கள் முளைக்கும். 20 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு 24.1 கிலோஹெர்ட்ஸில் ஒரு பிம்பம். அதை வெட்டுவதுதான் ஃபில்டரின் வேலை. 1982-ல் வந்த சோனி சிடிபி-101 இதை அனலாக் ஃபில்டரை வைத்தே செய்தது. பிலிப்ஸோ 14 பிட் சிப்போடு நான்கு மடங்கு ஓவர்சாம்பிளிங் (இடையிடையே புதிய மாதிரிகளைக் கணக்கிட்டு நிரப்புவது) சேர்த்து, பெரும்பகுதி வேலையை டிஜிட்டல் ஃபில்டரிடம் கொடுத்தது. பின்னாளில் துறையே அந்த வழிக்கு வந்தது.

ஷார்ப் ஃபில்டர் 20 கிலோஹெர்ட்ஸ் வரை எதையும் குறைக்காது. நல்ல சிப்களில் 24.1-க்கு மேல் 100 டெசிபல் அளவுக்கு அடக்கிவிடும். இதன் மீதுள்ள பெரிய புகார் ப்ரீ-ரிங்கிங்: ஒற்றைத் துடிப்பைக் கொடுத்து அளக்கும் இம்பல்ஸ் படத்தில் துடிப்புக்கு முன்னாலேயே அலைகள் தெரியும். படம் பயமுறுத்தும்தான். ஆனால் அந்த அலைகள் 22 கிலோஹெர்ட்ஸை ஒட்டியவை; பெரியவர்களின் காதுக்கு எட்டாதவை. தவிர, ஒரே ஒரு மாதிரி மட்டும் உயர்ந்து நிற்கும் அந்தச் சோதனைத் துடிப்பு, முறையாக வடிகட்டிப் பதிவான இசையில் வராது. இந்தப் படத்தைப் பார்த்து டேக் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மினிமம் ஃபேஸில் முன் அலைகள் இல்லை. அத்தனையும் துடிப்புக்குப் பின்னால் போய்விடும். பதிலுக்கு உச்ச அதிர்வெண்கள் கொஞ்சம் தாமதமாக வரும். தாமதம் மொத்தத்தில் குறைவு என்பதால், ஹெட்ஃபோனில் தன் குரலைக் கேட்டபடியே பாடுபவருக்கு இது பொருந்தும்.

மெதுவாக வெட்டும் ஸ்லோ ரோல்-ஆஃபில் இந்த அலைகள் (ரிங்கிங்) சீக்கிரம் அடங்கும். ஆனால் 20 கிலோஹெர்ட்ஸுக்கு முன்பே ட்ரெபிள் இறங்கத் தொடங்கும், பிம்பங்களும் கசியும். 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் என்றால் தாராளமாகப் போடலாம். அங்கே 20-ன் பிம்பம் 76-ல்தான் விழும்.

அப்புறம் என்ஓஎஸ், அதாவது ஓவர்சாம்பிளிங்கே இல்லாத வழி. இதை விரும்புகிறவர்கள் 'இயல்பான ஒலி' என்பார்கள். கணக்கு வேறு சொல்கிறது: 20 கிலோஹெர்ட்ஸில் சுமார் 3.2 டெசிபல் இறக்கம், 24.1-ல் நிற்கும் பிம்பமோ அசல் ஒலியைவிட 1.6 டெசிபல்தான் கீழே. பின்னால் வலுவான அனலாக் ஃபில்டர் இல்லையென்றால் அது ஆம்ப்ளிஃபயருக்குள் போய், காதுக்குக் கேட்கும் எல்லையிலேயே திரிபை உண்டாக்கலாம். அந்த இறக்கம் தரும் மென்மை பிடித்திருந்தால் ஈக்வலைசரில் ட்ரெபிளைக் குறைத்தாலே போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் என்ஓஎஸ் தப்பிக்கிறது. சத்தமாக மாஸ்டர் செய்த பாட்டுகளில், மாதிரிகளுக்கு நடுவே அலை உச்சவரம்பைத் தாண்டும். வெறும் 11.025 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையிலேயே இது 3 டெசிபல் வரை போகும். ஓவர்சாம்பிளிங் ஃபில்டர் அந்த உச்சியைக் கணக்கிடும்போது இடம் போதாமல் கிளிப் ஆகலாம், அதாவது உச்சி வெட்டுப்படலாம். ரிங்கிங்கைவிட இதற்குத்தான் கவலைப்பட வேண்டும். பிளேயரின் டிஜிட்டல் வால்யூமை 3 டெசிபல் இறக்கி வையுங்கள், பெரும்பாலான பாட்டுகளுக்கு அது போதும்.