பிஆர்ஐ லைன் போடுகிறீர்களா? பச்சை விளக்கை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

ஆபீஸ் ஈபிஏபிஎக்ஸில் (ஆபீஸ் போன்களையெல்லாம் இணைக்கும் பெட்டி) பிஆர்ஐ லைனை (ஒரே இணைப்பில் 30 பேர் பேசக்கூடிய டிஜிட்டல் லைன்) இணைத்துக் கொடுக்க ஆள் தேடுகிறவர்கள் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

தம்புச்செட்டித் தெருவில் எங்களுக்கு ஒரு க்ளியரிங் ஏஜென்சி. டெலிபோன் கம்பெனி மோடம் வரைக்கும் லைனைக் கொண்டுவந்து விட்டது. மீதி, ஈபிஏபிஎக்ஸ் விற்றவரின் பொறுப்பு. அவருடைய ஆள் வந்தார், கேபிளைச் செருகினார், பெட்டியில் லைன் சேரும் கார்டில் பச்சை விளக்கு எரிந்தது. ஒரே ஒரு கால் போட்டுக் காட்டி, 'ஓகே சார்' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளே தொல்லை ஆரம்பம். பேச்சுக்கு நடுவே 'டிக்' என்று சத்தம். ஃபேக்ஸ் பாதிப் பக்கத்தில் அறுந்துபோகும். கேட்டால், 'லைன்லதான் சார் ப்ராப்ளம்.' அப்புறம் ஒரு சர்ஜ் ப்ரொடெக்டரைத் தலையில் கட்டினார்கள். அதற்கும் மசியவில்லை என்றதும், கார்டையே மாற்றவேண்டும் என்று புதிதாக ஒரு கொட்டேஷன்!

டெலிபோன் கம்பெனி டெக்னீஷியன் வந்து லூப் போட்டு, அதாவது அனுப்பியதையே திரும்ப வரவைத்து, லைனைச் சோதித்துப் பார்த்தார். லைனில் ஒரு பிழைகூட இல்லை. 'உங்க பெட்டிய ஓப்பன் பண்ணுங்க சார்' என்றார். அட்மின் பாஸ்வேர்டை விற்றவர் தரவே இல்லை. சண்டை போட்டுத்தான் வாங்கினோம். உள்ளே போனால், 'ஸ்லிப்' என்ற எண் கண்ணெதிரே ஏறிக்கொண்டிருக்கிறது. பிட்களை எந்த வேகத்தில் அனுப்புவது என்று சொல்லும் க்ளாக், 'இன்டர்னல்', அதாவது பெட்டியின் சொந்தக் க்ளாக் என்று இருந்தது.

நம் ஊரில் பிஆர்ஐ வருவது ஈ1 லைனில். நொடிக்கு 20,48,000 பிட், 32 ஸ்லாட் (தனித்தனி நேரப் பங்கு). 32-ம் ஒரு சுற்று வந்தால் ஒரு ஃப்ரேம். அதில் 0-வது ஸ்லாட் ஃப்ரேமைச் சரியாகப் பிடிக்க, 16-வது சிக்னலிங்குக்கு (காலைத் தொடங்க, முடிக்க), மீதி 30 பேச. எக்ஸ்சேஞ்ச் தன் க்ளாக்கின்படி அனுப்புகிறது. நம் பெட்டியும் அதையே பிடித்துக்கொண்டு ஓடவேண்டும். தன் இஷ்டத்துக்கு ஓடினால் வித்தியாசம் சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் முழு ஃப்ரேம் ஒன்று விழுந்துவிடும், இல்லையென்றால் இரண்டு தடவை வரும். இதுதான் ஸ்லிப். காதுக்கு அது ஒரு 'டிக்', அவ்வளவுதான். ஃபேக்ஸ் தாங்காது. விளக்கோ பச்சையாகவே இருக்கும். இவர்களுக்கு அதுதானே வசதி.

டெக்னீஷியன் க்ளாக்கை 'லைன்' என்று மாற்றினார். ஸ்லிப் ஏறுவது நின்றது. கார்டு அதே பழைய கார்டுதான்.

க்ளாக், சிஆர்சி4 (பிழை சரிபார்ப்பு), எச்டிபி3 (லைனில் பிட்களை அனுப்பும் முறை) மூன்றையும் என்ன வைத்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். ஒரு நீளமான ஃபேக்ஸ் அனுப்பிப் பார்த்து, ஸ்லிப் எண் அசையவில்லை என்று தெரிந்தபிறகு கையெழுத்துப் போடுங்கள். பாஸ்வேர்ட் கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். சர்ஜ் ப்ரொடெக்டர் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். விற்றவர் இப்போது போனையே எடுப்பதில்லை.