ஒழுகாத ஜாயின்டுக்காக இன்ஜினையே பிரித்தார்கள்: பழைய புல்லட்காரர்கள் கவனத்துக்கு

என்னுடையது 1994 மாடல் புல்லட் 350, காஸ்ட் அயர்ன் இன்ஜின் (சிலிண்டர் வார்ப்பிரும்பு). அடியில் ஆயில் சொட்டுகிறது என்று, புல்லட் ஸ்பெஷலிஸ்ட் போர்டு மாட்டிய ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயர் வேண்டாம். அங்கிருந்தவர் குனிந்து விரலால் ஒரு தடவு தடவினார். "கேஸ் ஜாயின்ட் போயிருச்சு சார், ஃபுல்லா பிரிக்கணும்" என்றார். இன்ஜினின் அடிப்பெட்டியின் (கேஸ்) இரண்டு பாதிகள் சேரும் இடம்தான் கேஸ் ஜாயின்ட். இன்ஜினைக் கழுவக்கூட இல்லை. அவ்வளவுதான் சோதனை.

பில் 14,500 ரூபாய். வண்டி வீட்டுக்கு வந்த வாரமே மறுபடி ஈரம். போய்க் கேட்டால், "புல்லட்னா ஒழுகத்தான் சார் செய்யும், ஒழுகலன்னாதான் பயப்படணும்" என்று சிரிக்கிறார்கள். இந்த ஜோக்கை வைத்துக்கொண்டு எத்தனை பேரிடம் காசு பார்த்தார்களோ.

அப்புறம் நண்பர் ஒருவர் சொல்லி ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. டீசலும் பிரஷும் வைத்து இன்ஜினைத் தேய்த்துக் கழுவினார், காற்றடித்துக் காயவைத்தார், முகத்துக்குப் போடும் பவுடரை மேலிருந்து கீழ்வரை தூவினார். "நல்லா சூடாகிற வரைக்கும் ஓட்டிட்டு வா தம்பி" என்றார். வந்து பார்த்தால் வெள்ளைப் பவுடரில் ஒற்றைக் கறுப்புக் கோடு. அதன் தலை எங்கே தெரியுமா? வலது பக்கம், இன்ஜின் தலையில் வால்வைத் திறக்கும் ராக்கருக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாயின் போல்ட்டில். அங்கே கசிந்த ஆயில், சிலிண்டரைக் குளிர்விக்கும் ஃபின்கள் வழியாக இறங்கி, ஓடும்போது காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, கடைசியில் கேஸின் அடியில் வந்து சொட்டுகிறது. ஈரம் அதிகமாக இருக்கும் இடம் வேறு, ஒழுக்கு தொடங்கும் இடம் வேறு. செம்பு வாஷர்களை மாற்றினார். செலவு டீக்காசு.

இதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். கேஸ் ஜாயின்டில் சிலிகான் பேஸ்ட் பட்டையாகப் பிதுங்கி நின்றது. "வெளியே இவ்வளவு வந்தா உள்ளேயும் இதே அளவு வந்திருக்கும்" என்று ஆயில் வடிகட்டியைக் கழற்றினார். வலையில் ரப்பர் போலச் சிலிகான் துணுக்குகள். அது அடைத்தால் இன்ஜினுக்கு ஆயில் போகாது, பிறகு பிக் எண்டுக்கே (கனெக்டிங் ராடின் அடிப் பேரிங்) வேட்டு. பில்லில் 'கியர்பாக்ஸ் ஆயில் சீல் புதுசு' என்று இருந்தது. கழற்றினால், ஆயிலைத் தடுக்கும் அதன் ரப்பர் உதடு கல்லாக இறுகி வெடித்திருந்தது. புது சீலா அது?

இந்த இன்ஜினில் இன்ஜின் ஆயில், இடது பக்கச் செயின் கேஸ் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில் மூன்றும் தனித்தனி. எதன் அளவு குறைகிறது என்று முதலில் பாருங்கள், பாதி வேலை முடிந்தது. அடுத்து, இன்ஜின் உள்ளே சேரும் அழுத்தத்தை வெளியே விடும் பிரீதர் குழாய். அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகக்கூட ஆயில் வெளியே வரும். எத்தனை கேஸ்கட் மாற்றினாலும் நிற்காது. நாள்கணக்கில் நிறுத்திய வண்டியை ஸ்டார்ட் செய்ததும் பிரீதர் வழியாக ஆயில் துப்பினால் அதை ஒழுக்கு என்று நினைக்க வேண்டாம். ஆயில் டேங்கில் இருந்த ஆயில், பம்ப் வழியாக மெல்ல கேஸுக்குள் இறங்கியிருக்கும்.

கழுவாமல் 'பிரிக்கணும்' என்று சொல்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். மாற்றிய பழைய சீல், கேஸ்கட் எல்லாவற்றையும் கையில் வாங்குங்கள். என்ன பாகம், என்ன விலை என்று பிரித்து எழுதிய பில் கேளுங்கள். எனக்கு அந்த பில் இருந்ததால்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிய முடிந்தது. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

முதல் ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் கேஸைப் பிரிக்கும்போது அலுமினிய விளிம்பில் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பியிருக்கிறார்கள், நகம் போகும் அளவுக்குப் பள்ளம். ஆகவே, முன்பு காய்ந்து கிடந்த, பவுடர் சோதனையிலும் கசியாத அந்த கேஸ் ஜாயின்ட் இப்போது நிஜமாகவே கசியத் தொடங்கிவிட்டது. அதற்கான செலவையும் புகாரில் சேர்த்திருக்கிறேன்.