வாளையாறு சாலையில் ஒரு பரிசோதனைப் பணிமனை: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோருக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர் விடை தேட வேண்டிய கேள்விகள் இரண்டு. தயாரித்த நிறுவனமே குறையை ஒப்புக்கொண்டு ரீகால் (வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தல்) அறிவித்த வேலைகள் இந்தக் காரில் முடிந்துவிட்டனவா என்பது ஒன்று. எந்த ரீகாலும் வராத, ஆனால் அந்த மாடலைக் கையாண்ட மெக்கானிக்குகள் எல்லோரும் அறிந்த பலவீனங்கள் இந்தக் காரில் எந்த நிலையில் இருக்கின்றன என்பது மற்றொன்று. முதலாவதன் செலவு நிறுவனத்துடையது. இரண்டாவது வாங்குபவரின் தலையில் விழும். பாலக்காடு மாவட்டத்தில், கஞ்சிக்கோட்டுக்கும் வாளையாற்றுக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 544-ஐ ஒட்டியிருக்கும் ஒரு தனியார் பணிமனை, இந்த இரண்டையும் கலக்காமல் தனித்தனியே சோதித்து எழுதித் தருகிறது. உரிமையாளர் விளம்பரத்தை விரும்பாததால் பெயரைத் தவிர்க்கிறேன். கோயம்புத்தூர், பொள்ளாச்சி, பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கங்களில் இவ்வகைக் கார் வைத்திருப்பவர்களைக் கேட்டால் வழி சொல்வார்கள்.

நான் கொண்டுசென்றது எர்ணாகுளம் பதிவு எண் கொண்ட, இரண்டு இருக்கைகள் மட்டுமுள்ள, கூரை திறக்கும் கார். போனெட்டைத் தூக்குவதற்கு முன்பே அவர்கள் வண்டியின் அடையாள எண்ணான சேசிஸ் எண்ணைத்தான் தேடினார்கள். 17 இடங்கள் கொண்ட அந்த எண்ணில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் வராது என்பதால், ஆர்.சி. நகலில் அவற்றில் ஒன்று தென்பட்டால் அங்கேயே பிழை இருக்கிறது என்று பொருள். முன்கண்ணாடியின் ஓரம், கதவுத் தூண், உடலில் பொறிக்கப்பட்ட இடம், ஆர்.சி. ஆகிய எல்லாவற்றிலும் எண் ஒன்றாக இருப்பதை உறுதி செய்த பிறகு, விற்பவரின் சம்மதத்தோடு அதை அந்நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட டீலருக்கு அனுப்பி, நிலுவையில் உள்ள ரீகால் உண்டா என்று எழுத்துமூலம் பதில் வாங்கினார்கள். இதைத்தான் இப்பணிமனையின் முதன்மையான பயனாகக் கருதுகிறேன். ரீகால் என்பது ஒரு மாடல் முழுவதற்கும் பொதுவானதன்று. குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட உதிரிபாகத்தோடு வெளிவந்த வண்டிகளுக்கு மட்டும் உரியது என்பதால், செய்தியில் மாடல் பெயரைப் பார்த்து அஞ்சுவதும் பயனில்லை, பார்க்காததால் நிம்மதி கொள்வதும் தவறு.

இந்தியாவில் 2012 ஜூலை முதல் கார் நிறுவனங்கள் தாமாக முன்வந்து ரீகால் அறிவித்து வருகின்றன. 2021 ஏப்ரல் 1 முதல் அரசே கட்டாய ரீகாலுக்கு உத்தரவிட வழிசெய்யும் விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஆனால் அந்தக் கட்டாயம் ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே. நம் பகுதியில் கைக்கெட்டும் விலைக்கு வரும் ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவை அந்த வயதைக் கடந்தவை என்பதால், நிறுவனம் முன்பே அறிவித்துச் செய்யாமல் விட்ட வேலைகளை நாமேதான் தேடிக் கேட்க வேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பின் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்ப்பதும் இங்கே போதாது. அது அந்நாட்டில் விற்கப்பட்ட வண்டிகளுக்கு உரியது. எனினும் அந்தப் பதிவுகளை இப்பணிமனை வேறொரு வகையில் பயன்படுத்துகிறது. 2010 அக்டோபரில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் அமெரிக்காவில் உயரழுத்த எரிபொருள் பம்புக்காக அறிவித்த ரீகாலில் இசட்4 எஸ்டிரைவ் 35ஐ மாடலும் இருந்தது. அதே மாடல் இங்கு வந்தால், டீலரின் பதில் எதுவாயினும், குளிர்ந்த எஞ்சின் கிளம்ப எத்தனை நேரம் எடுக்கிறது, எரிபொருள் அழுத்தம் எவ்வளவு என்று தாமே அளந்து பார்க்கிறார்கள்.

ஏர்பேக் விஷயத்தில் அவர்கள் காட்டும் கண்டிப்பைப் பாராட்டியாக வேண்டும். டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் வாயுவை உண்டாக்கப் பயன்பட்ட அமோனியம் நைட்ரேட், உலர்த்தும் பொருள் சேர்க்கப்படாத வகைகளில், பல ஆண்டு வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, விபத்தின்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, உலோகக் கூட்டையே வெடிக்கச் செய்தது. காப்பாற்ற வேண்டிய பையிலிருந்து உலோகத் துண்டுகள் பாய்ந்து பலர் இறந்தனர். வாகன வரலாற்றின் மிகப்பெரிய ரீகாலாக அது வளர்ந்து, 2017 ஜூனில் அந்நிறுவனம் திவாலானது. வெப்பமும் ஈரமும் காலமும் சேர்ந்தே இந்தக் கேட்டை விளைவிக்கின்றன என்பதால், கொச்சிக் கடற்கரையில் ஆண்டுக்கணக்கில் நின்ற காருக்கு இக்கேள்வி மற்ற இடங்களைவிடக் கூடுதலாகப் பொருந்தும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்பதையும் கவனிக்கிறார்கள். எரியவே எரியாத விளக்கு, யாரோ எதையோ மறைத்திருக்கலாம் என்பதன் அறிகுறி.

இனி இரண்டாவது கேள்வி. போர்ஷே பாக்ஸ்டரின் 2009-க்கு முந்தைய மாடல்களில், எஞ்சினுக்குள் சுழலும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங் உடைந்தால் எஞ்சினே வீணாகும்; அதற்கு ரீகால் ஒருபோதும் அறிவிக்கப்படவில்லை. 2009 மாடலிலிருந்து வந்த புதிய எஞ்சினில் அந்தத் தண்டே கிடையாது. ரீகால் பட்டியல் சுத்தமாக இருப்பதை மட்டும் நம்பி வாங்குகிறவர் இந்த வேறுபாட்டை அறியாமலே போய்விடுவார். சர்வீஸ் புத்தகத்தில் வரிசையாக முத்திரைகள் இருப்பதைக் காட்டி நான் கேட்டபோது, பணிமனையில் உள்ள, கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்த மூத்த மெக்கானிக், “சீல் இருக்குதுங்க, ஆனா என்ன பார்ட் மாத்துனாங்கன்னு அதுல இல்லீங்களே, பில்லக் கேளுங்க” என்றார். விற்பவர் பில்களைத் தேடி எடுத்துத் தந்த பிறகே அறிக்கையின் இரண்டாம் பகுதியை எழுதத் தொடங்கினார்கள்.

காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை. அத்தோடு நிற்காமல், கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பரிசோதனைகள் முழுமை பெற்றிருக்கின்றனவா என்றும் பார்த்தார்கள், பெற்றிருக்கவில்லை. அண்மையில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். வடக்கஞ்சேரி வரை ஓட்டித் திரும்பி மீண்டும் ஸ்கேன் செய்தபோது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் பம்ப் தொடர்பான குறியீடு வந்தது. பம்பை மாற்றும் செலவைக் கழித்தே விலை பேசி முடித்தேன்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆலுவா, சாலக்குடிப் பகுதிகளில் ஏராளமான வண்டிகள் மூழ்கின என்பதால், கேரளப் பதிவு கொண்ட பழைய காருக்கு வெள்ளச் சோதனையும் தவறாமல் நடக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து வண்டல் கறை தேடுகிறார்கள். கார்ப்பெட்டுக்கு அடியிலும், இருக்கைத் தண்டவாளத்திலும், வயர் இணைப்புகளிலும் துரு பார்க்கிறார்கள். என் காரின் ஒரு பக்கக் கார்ப்பெட் ஈரமாக இருந்தது. கூரையின் வடிகால் குழாய் அடைபட்டதே காரணம் என்று நீர் ஊற்றிக் காட்டினார்கள்.

குறைகளும் உண்டு. அறிக்கை மலையாளத்தில் மட்டுமே கிடைக்கிறது. வாயால் தமிழில் விளக்குகிறார்கள் என்றாலும், எல்லைக்கு இந்தப் பக்கத்து வாடிக்கையாளர் இத்தனை பேர் வரும் இடத்தில் தமிழிலும் தர வேண்டும். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கிறார்களே தவிர, கசிவு எங்கே என்று காட்டும் சோதனைக்கான கருவி இல்லை. பழைய டர்போ எஞ்சினுக்கு அது தேவை. தமிழ்நாட்டுக்குப் பதிவை மாற்றும் தடையின்மைச் சான்று, சாலை வரி முதலிய ஆர்.டி.ஓ. வேலைகளில் அவர்கள் தலையிடுவதில்லை. கடன் நிலுவையை அரசின் வாகனப் பதிவு இணையதளமான ‘வாகன்’ தளத்தில் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். டீலரின் பதில் வரச் சில நாட்கள் ஆகும் என்பதால், காரைக் கொண்டுபோகும் முன்பே சேசிஸ் எண்ணையும் விற்பவரின் சம்மதக் கடிதத்தையும் அனுப்பிவிட்டு, பதில் வந்த பிறகு நாள் குறித்துச் செல்வது நல்லது. அதற்குள் முன்பணம் கொடுக்கச் சொல்லி விற்பவர் நெருக்கினால், ரீகால் பதிலுக்கு உட்பட்டது என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.