ரிப்பேரா, ரீசெட்டா, கிளீன் இன்ஸ்டாலா: எந்தக் கோளாறுக்கு எது?

சிஸ்டம் மந்தமாகிவிட்டது, அடிக்கடி ஹேங் ஆகிறது, அப்டேட் பாதியில் நின்று திரும்பிவிடுகிறது என்று யார் சொன்னாலும் உடனே வரும் பதில் "ஃபார்மேட் பண்ணிடு" என்பதுதான். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஓஎஸ்ஸைத் திரும்பப் போட மூன்று வழிகள் இருக்கின்றன. அவற்றில் நேரமும் உழைப்பும் அதிகம் கேட்கும் வழிக்கு எல்லோரும் நேராகப் போய்விடுகிறார்கள், பாதிப் பேருக்கு அது தேவையே இல்லை.

முதல் வழி ரிப்பேர் இன்ஸ்டால். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை (விண்டோஸ் செட்டப் முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல்) இறக்கி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளேயே திறந்து செட்டப்பை ஓட்ட வேண்டும். ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள்ளும் தேர்வைக் கொடுத்தால் சிஸ்டம் ஃபைல்கள் மட்டும் புதிதாகும், மற்றதெல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். ஐஎஸ்ஓ அதே மொழி, அதே எடிஷனாக (ஹோம், ப்ரோ போன்றவை) இருக்க வேண்டும், இப்போது இருப்பதைவிடப் பழைய பதிப்பாக இருக்கக் கூடாது, இல்லாவிட்டால் ஆப்களை வைத்துக்கொள்ளும் தேர்வு கிடைக்காது. விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் செட்டிங்ஸின் ரெக்கவரி பக்கத்திலேயே இதற்கு ஒரு பட்டன் வந்துவிட்டது. அப்டேட் கோளாறுக்கும் கெட்டுப்போன சிஸ்டம் ஃபைலுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரே நிபந்தனை, விண்டோஸ் பூட் ஆக (தொடங்கி இயங்க) வேண்டும்.

அடுத்தது ரீசெட், விண்டோஸில் இருக்கும் வசதியை வைத்தே அதைப் புதிதாகப் போடுவது. இது விண்டோஸ் 8-இல் வந்தது. ஃபைல்களை வைத்துக்கொள்ளும் தேர்வைக் கொடுத்தாலும், நீங்கள் போட்ட சாஃப்ட்வேர் அத்தனையும் போய்விடும், இதைக் கவனிக்காமல் பட்டனைத் தட்டுபவர்கள் நிறைய. அதிலும் லோக்கல் ரீஇன்ஸ்டால், கிளவுட் டவுன்லோடு என்று இரண்டு வகை. லோக்கல் என்றால் டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் சிஸ்டம் ஃபைல்களை வைத்தே விண்டோஸைக் கட்டுகிறது, அந்த ஃபைல்களே கெட்டிருந்தால் ரீசெட் பாதியில் நின்றுவிடலாம். 2020-இல் வந்த கிளவுட் டவுன்லோடு கிட்டத்தட்ட 4 ஜிபி இறக்கினாலும் அதுதான் நம்பகமானது. பென்டிரைவ் கையில் இல்லை, பயாஸ் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் மெஷினின் அடிப்படை செட்டிங்ஸ்) பக்கம் போகவும் தயக்கம் என்றால் ரீசெட் சரி. மற்றபடி எனக்கு இதில் பெரிய பிடிப்பு இல்லை. ஆப்களை எல்லாம் திரும்பப் போடும் வேலை எப்படியும் வரும், அதற்குக் கிளீன் இன்ஸ்டாலே செய்துவிடலாமே?

கிளீன் இன்ஸ்டால் என்றால் குறைந்தது 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, பழைய பார்ட்டிஷனை (டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் பிரிவை) அழித்துவிட்டுப் போடுவது. வைரஸ் புகுந்த மெஷினுக்கு இதுதான் வழி, அந்தப் பென்டிரைவையும் சுத்தமான வேறொரு கம்ப்யூட்டரில்தான் தயாரிக்க வேண்டும். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். அதே ஹார்டுவேரில் ஏற்கெனவே டிஜிட்டல் லைசென்ஸில் (மைக்ரோசாஃப்ட் சர்வரில் மெஷினின் பெயரில் பதிவான உரிமத்தில்) ஆக்டிவேட் ஆகியிருந்தால், அதே எடிஷனைப் போட்டு நெட் இணைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

சிக்கல் வருவது பெரும்பாலும் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் திரையில். அங்கே சி, டி என்ற எழுத்துகளை நம்ப முடியாது, டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று எண்களும் அளவும்தான் வழிகாட்டி. இரண்டு டிஸ்க் இருந்தால் மற்றதைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள், தவறான டிஸ்க்கை அழிக்கும் ஆபத்தே இருக்காது. ஒரே டிஸ்க்கில் டேட்டா பார்ட்டிஷனும் இருந்தால் அதைத் தொடாமல் விண்டோஸுக்கு உரியதை மட்டும் அழிக்க வேண்டும். டிஸ்க் முழுக்க விண்டோஸ் மட்டும்தான் என்றால் எல்லாவற்றையும் அழித்துக் காலி இடத்தைக் காட்டினால் போதும், தேவையான சிறு பார்ட்டிஷன்களை இன்ஸ்டாலரே உருவாக்கிக்கொள்ளும். லேப்டாப்போடு வந்த ரெக்கவரி பார்ட்டிஷனும் அதோடு போய்விடும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். எம்பிஆர் என்று சொல்லி இன்ஸ்டாலர் மறுத்தால், பென்டிரைவ் யூஇஎஃப்ஐ என்ற புதிய பயாஸ் முறையில் பூட் ஆகியிருக்கிறது, டிஸ்க்கின் பார்ட்டிஷன் பட்டியல் எம்பிஆர் என்ற பழைய முறையில் இருக்கிறது என்று பொருள். பார்ட்டிஷன்கள் அனைத்தையும் அழித்தால் இன்ஸ்டாலர் அதை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றிக்கொள்ளும். 11-ஆம் தலைமுறை முதலான பல இன்டெல் லேப்டாப்களில் டிஸ்க்கே தெரியாமல் போகும். டிஸ்க் செத்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், இன்டெல் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென்டிரைவில் வைத்து அந்தத் திரையிலேயே லோடு செய்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

குயிக் ஃபார்மேட்டா, ஃபுல் ஃபார்மேட்டா என்ற கேள்விக்கு வருவோம். குயிக் என்பது ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை மட்டும் புதிதாக எழுதுகிறது, டேட்டா அடியில் அப்படியே கிடக்கிறது. விண்டோஸ் விஸ்டா முதல் ஃபுல் ஃபார்மேட் டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியம் எழுதிக்கொண்டே போகிறது, அதனால்தான் பெரிய ஹார்டு டிஸ்க்கில் மணிக்கணக்கில் ஓடுகிறது. ஓஎஸ் போட மட்டும் என்றால் குயிக் தாராளம். பேட் செக்டார் (டிஸ்க்கில் கெட்டுப்போன இடம்) சந்தேகம் இருக்கும் ஹார்டு டிஸ்க்குக்கு ஃபுல். எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்குக்கு) ஃபுல் ஃபார்மேட் வேண்டாம். வீணாக எழுதித் தேய்ப்பதுதான் மிச்சம், தேய்மானத்தைச் சமன்செய்ய அது ஒதுக்கிவைத்திருக்கும் இடங்களுக்கு அந்தப் பூஜ்ஜியங்கள் போய்ச் சேரும் என்ற உறுதியும் இல்லை.

எந்த வழியில் போனாலும் பேக்கப் வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும், அதே டிஸ்க்கின் டி டிரைவ் பேக்கப் ஆகாது. எடுத்ததும் நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கைக் கீ போட்டுப் பூட்டும் விண்டோஸ் வசதி) இயங்கினால் 48 இலக்க ரெக்கவரி கீயை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பயாஸில் கைவைத்த பிறகு அதைக் கேட்டால், கீ இல்லாமல் பழைய டேட்டாவைத் திறக்க வழியில்லை. மெஷினை விற்கவோ யாருக்காவது கொடுக்கவோ போகிறீர்கள் என்றால், அதில் இருப்பது எஸ்எஸ்டியாக இருந்தால், தயாரிப்பாளரின் டூலிலோ பயாஸிலோ இருக்கும் செக்யூர் எரேஸை (எஸ்எஸ்டி முழுவதையும் அழிக்கும் வசதியை) செய்துவிட்டு அதன்பின் விண்டோஸைப் போடுங்கள்.