அடர் பாலிமர் கரைசலில் துகள் பின்தொடர ட்ராக்பை: ஒரு மதிப்பீடு

பாலிஎத்திலீன் ஆக்சைடு போன்ற நெடுஞ்சங்கிலிப் பாலிமரை நீரில் அடர்த்தியாகக் கரைத்து, அதில் ஒளிரும் பாலிஸ்டைரீன் துகள்களைக் கலந்து நுண்ணோக்கியில் காணொளி எடுப்பவர்களுக்கு, துகள்களின் பாதைகளை எண்களாக்கித் தரும் இலவச பைத்தான் மென்பொருள்தான் ட்ராக்பை. இயற்பியலாளர்கள் க்ராக்கரும் க்ரியரும் 1996இல் வெளியிட்ட முறையே இதன் அடிப்படை.

துகள்களைக் கண்டுபிடிப்பதில் குறை சொல்ல இடமில்லை. துகளின் விட்டத்தை ஒற்றைப்படைப் பிக்சல் எண்ணாகக் கொடுக்க வேண்டும்; அது சிறிதாகிப்போனால், கண்டறிந்த மையப்புள்ளிகளின் ஆயங்களில் தசமப் புள்ளிக்குப் பின்வரும் பகுதி எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடம் நடுவில் குழி விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள் பின்னால் வரும் எதையும் நம்ப வேண்டாம்.

அடுத்தடுத்த ஃபிரேம்களில் கிடைத்த புள்ளிகளைப் பாதைகளாக இணைப்பது அடர் கரைசலில் மிக எளிது. 1 மைக்ரான் விட்டமுள்ள துகள், 25 டிகிரி நீரில், ஒரு திசையில் ஒரு நொடியில் சுமார் 1 மைக்ரான் நகரும். இது தாறுமாறான அசைவு என்பதால், தூரம் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும்; பாகுநிலையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும். பாகுநிலை ஆயிரம் மடங்கான கரைசலில் அது 31 நானோமீட்டர்தான். நொடிக்கு 30 ஃபிரேம் எடுத்தால், இரண்டு ஃபிரேம்களுக்கிடையே 6 நானோமீட்டருக்கும் குறைவு. சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். மையத்தைக் கணிப்பதில் 10 நானோமீட்டர் பிழை இருந்தாலே, குறுகிய நேரங்களில் சராசரி இருமடி இடப்பெயர்ச்சிக் கோடு (துகள் நகர்ந்த தூரத்தின் வர்க்கச் சராசரி, நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று காட்டுவது) தட்டையாகிவிடும். பாலிமர் வலைக்குள் துகள் சிறைப்பட்டிருக்கும்போது கிடைக்கும் கோடும் அச்சு அசலாக இப்படியே இருக்கும். ஒவ்வொரு துகளுக்கும் பிழை மதிப்பீட்டை ஒரு நெடுவரிசையில் ட்ராக்பை தந்தாலும், இடப்பெயர்ச்சியைக் கணக்கிடும்போது அதைக் கழிப்பதில்லை. ஆகவே கண்ணாடியில் ஒட்டி அசையாதிருக்கும் துகள்களை அதே வெளிச்சத்தில் படமெடுத்து, அந்த மதிப்பை நாமே கழிக்க வேண்டும்.

எல்லாத் துகள்களும் சேர்ந்து ஒரே பக்கம் நகரும் ஒட்டுமொத்த நகர்வை நீக்கும் வசதியிலும் இதே போன்ற கவனம் தேவை: பார்வைப் புலத்தில் பத்துத் துகள்களே இருந்தால், உண்மையான இயக்கத்திலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும்.

பாலிமர் வலையின் கண்ணைவிடச் சிறிய துகள் கரைப்பானின் பாகுநிலையை ஒட்டியே நகரும் என்பதால், கிடைத்த எண் கரைசலுக்குரியதா கரைப்பானுக்குரியதா என்பதை மென்பொருள் சொல்லாது. அசையாத் துகள் பதிவைக் கையில் வைத்திருப்பவருக்கு ட்ராக்பையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அந்தப் பதிவு இல்லாதவர் முதலில் அதை எடுக்கட்டும்.