ஏற்காட்டில் டென்ட் புக் பண்ணுகிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்: எங்கள் 14,500 ரூபாய் போய்விட்டது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஏற்காட்டில் டென்ட் போட்டுத் தருவதாக விளம்பரம் செய்த ஒரு கூட்டத்திடம் நேற்று 14,500 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறோம்.

சென்னையிலிருந்து அண்ணன் குடும்பம் லீவுக்கு வந்திருந்தது. பிள்ளைகளுக்கு டென்ட்டில் படுக்க வேண்டும் என்று ஒரே ஆசை. தங்குமிடம் புக் செய்யும் ஒரு ஆப்பில் தேடினேன். மலை, காடு, ஏரி மூன்றும் ஒரே படத்தில், தண்ணீர் ஓரமாக வரிசையாக டென்ட்டுகள். ரேட்டிங்கும் நாலரைக்கு மேல்.

சேலத்துக்காரிக்கு ஏற்காடு ஏரி தெரியாதா? ஊருக்கு நடுவில், போட் ஹவுஸும் அண்ணா பூங்காவும் ஒட்டியிருக்கிற ஏரி. அங்கே டென்ட் போட இடம் ஏது? ஆப்பில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு அதைத்தான் முதலில் கேட்டேன். "அக்கா, நீங்க சொல்றது டவுன் ஏரி. நம்மளது காப்பி எஸ்டேட்டுக்குள்ள, தனிக் குளம்" என்றான். அப்புறம் அவனாகவே, "சின்னப் பசங்க எத்தனை பேருக்கா? ராத்திரி குளிரும், அவங்களுக்குத் தனியா கம்பளி எடுத்து வெச்சிடறேன். பால் எத்தனை மணிக்குக் குடிப்பாங்க?" என்றான். அந்தப் பால் விஷயத்தில்தான் நம்பிக்கை வந்தது. ஏமாற்றுகிறவன் பிள்ளை பால் குடிக்கிற நேரத்தையா கேட்பான்?

முதலில் 5,000 அட்வான்ஸ் கேட்டான். மறுநாள், "சீசன் டைம்க்கா, முழுசா கட்டினாத்தான் டென்ட்டை நிறுத்தி வைக்க முடியும்" என்று சொல்லி மீதி 9,500. இரண்டும் அவன் அனுப்பிய யூபிஐ ஐடிக்குத்தான் போனது. மொத்தம் 14,500 ரூபாய்.

கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஏறும்போதுகூடப் பேசினான். "வாங்கக்கா, அடுப்பு மூட்டியாச்சு." 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி, அவன் அனுப்பிய லொக்கேஷனைப் பிடித்துப் போனால் ஒரு தோட்டத்து இரும்பு கேட். துருப்பிடித்த சங்கிலி, பெரிய பூட்டு. உள்ளே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது, கீழே காப்பிச் செடி. குளமும் இல்லை, டென்ட்டும் இல்லை. குரங்குக் குல்லா போட்ட வாட்ச்மேன் ஒருவர் வந்தார். போனிலிருந்த படத்தைப் பார்த்ததும், "இதே போட்டோவோட போன வாரம் ஈரோட்டுக்காரங்க ஒரு குடும்பம் வந்து நின்னாங்கம்மா. இருட்டுது, காட்டெருமை வர்ற நேரம், இங்க நிக்காதீங்க" என்றார்.

போன வாரமே ஒரு குடும்பம்! அப்படியும் அந்த விளம்பரம் ஆப்பில் அப்படியே இருக்கிறது. எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான்.

அவனைக் கூப்பிட்டால், "டவர் இல்லக்கா, மேனேஜர் பேசுவாரு." மேனேஜர் என்று பேசியவன், "அந்தப் பையன் வேலையை விட்டுப் போயிட்டான்." அப்புறம் ஸ்விட்ச் ஆஃப். நாங்கள் விசாரித்த லாட்ஜ் எதிலும் ரூம் இல்லை. அழுகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதே 20 வளைவையும் பனிமூட்டத்தில் இறங்கி வந்தோம்.

ஆப் கஸ்டமர் கேரில் ஒரு பெண், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், 7 வேலை நாள் ஆகும்" என்றார். காலையில் மெயில் வந்துவிட்டது: ஆப்புக்கு வெளியே கட்டிய பணத்துக்கு அவர்கள் பொறுப்பில்லையாம். அவன் நம்பரைக் கொடுத்ததே அந்த ஆப்தானே! 14,500 ரூபாய்க்கு யார்தான் பொறுப்பு?

இதில் இன்னொன்று. மதியம் ஒருவன் கூப்பிட்டு, ரீஃபண்ட் ரெடி, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்கிறான். பணம் வாங்குவதற்கு எதற்குப் பின் நம்பர்? கட் பண்ணிவிட்டேன்.

அண்ணன் அந்தப் படத்தை நெட்டில் போட்டுத் தேடினார். கனடாவில் ஏதோ ஒரு ஏரிக்கரை. பின்னால் தெரிகிற ஊசியிலைக் காடு அங்கேயுள்ளது.

எதையெல்லாம் பார்த்துப் புக் செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. படத்தை நெட்டில் தேடிப் பாருங்கள். வீடியோ கால் போட்டு இடத்தை அப்போதே காட்டச் சொல்லுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். ஆப்புக்கு வெளியே ஒரு ரூபாய்கூட வேண்டாம். "காட்டுக்குள் கேம்ப் ஃபயர்" என்று எவனாவது சொன்னால் வனத்துறை அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம், 2018-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் எத்தனை உயிர் போனது என்று மறந்திருக்க மாட்டீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் வேறு கணக்குக்கு மாறிவிடும். நான் புகார் கொடுத்துவிட்டேன். அந்த ஈரோட்டுக் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், பணம் அனுப்பியதற்கான யூடிஆர் நம்பரோடு (அந்தப் பரிமாற்றத்துக்கான எண்) அவர்களையும் புகார் கொடுக்கச் சொல்லுங்கள்.